ஸ்டேஷன் வாசலில் நடக்காத விபத்துகள்

நசுங்கிய வாழைத்தாரின் மேல் டீசல் சிந்தினால் ஒரு வாசனை வரும். கல்யாணப் பந்தலுக்குள் லாரி புகுந்துவிட்டாற்போல. போன வாரம் மார்க்கெட்டின் பின்பக்கம், தார் இறக்கிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் அருகே அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. கையில் கத்தரிக்காய்ப் பை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன் கையில் வேறென்ன இருக்கும்? பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரர், "சார், தியானம் பண்ண நல்ல இடமாப் பாத்தீங்க" என்றார். கால் நகர்ந்தது. மனசு நகரவில்லை. அது ஜீயபுரம் தாண்டி, கரூர் ரோட்டில் ஒரு வளைவில் போய் நின்றுகொண்டது.

ஆகவே இது, விபத்துப் புள்ளிவிவரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு. வாழ்த்துகள். ஒரு மனிதன் ரோட்டில் எதனால் செத்தான் என்பதை ரோட்டுக்கே போகாமல் சொல்லிவிடக்கூடிய அபூர்வமான கூட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். காவல் நிலையங்கள் அனுப்புவதைக் கூட்டி, வகுத்து, அட்டவணையாக்கி, வழவழப்பான அட்டை போட்டு ஆண்டறிக்கையாக வெளியிடுவது நம் பணி. அட்டையில் எப்போதும் ஒரு காலியான, அழகான சாலையின் படம் இருக்கும். வண்டியே இல்லாத சாலையில்தான் விபத்து இல்லை என்பது அறிக்கை சொல்லும் முதல் உண்மை. பெரும்பாலும் கடைசி உண்மையும் அதுதான்.

கூட்டல் எப்படி, சதவீதம் எப்படி என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதைக் கணினி செய்யும். தப்பாகச் செய்தாலும் வேகமாகச் செய்யும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு எண்ணைப் பற்றி. ஒன்று என்ற எண்.

அந்தப் பிரிவுக்கு நான் மாற்றலாகி வந்தபோது அந்த ஆண்டின் அறிக்கை வெளியாகி, மாலை மரியாதை எல்லாம் முடிந்திருந்தது. நாற்காலி இன்னும் முந்தைய ஆளின் உருவத்திலேயே பள்ளம் விழுந்து கிடந்தது. ஒரு மதியம், பருத்திப் புடவையும் தோள்பையுமாக ஒரு பெண் வந்து எதிரே நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும்.

"விபத்து அறிக்கை போடறவா நீங்கதானா?"

"நான் போடலம்மா. நான் வந்தே ஒரு வாரம்தான் ஆகுது. ஆனா இப்ப நான்தான்."

"கவர்மென்ட்ல அப்படித்தான் போலிருக்கு. பண்ணினவா ஒருத்தர், பதில் சொல்றவா ஒருத்தர்."

உட்காரச் சொன்னேன். பெயர் கோதை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேஜையில் விரித்து, நீவிவிட்டார். நம் அறிக்கையை யாரும் படிக்கமாட்டார்கள் என்று நாம் நிம்மதியாக இருப்போம். எங்காவது ஒரு நிருபருக்கு அன்றைக்குச் செய்தி கிடைக்காமல் போய்விடும், படித்துவிடுவார். காவல் நிலைய எல்லைவாரியாக, மாதவாரியாக, காரணவாரியாக நாம் போட்ட அட்டவணையை அவர் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். ஜீயபுரம் பக்கத்து நிலையம் ஒன்று. அக்டோபர் மாதத்து வரிசை. உயிரிழப்பு: 1. காரணம்: ஓட்டுநரின் குடிபோதை.

கோதை அந்த ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்க அப்பா."

நான் குனிந்து அந்த வரிசையை இன்னொரு முறை படித்தேன்.

"அந்த மாசம் அந்தப் பக்கம் செத்துப்போனது ஒருத்தர்தான் சார். எங்க தெருவுக்கே தெரியும். நீங்க பேர் போடலை, நியாயம்தான். விலாசம் போட்டுட்டேள்."

தோழர்களே, ரகசியம் காப்பது பற்றி நமக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. மதியச் சாப்பாடும் உண்டு. நூறு என்ற எண்ணுக்குப் பின்னால் நூறு பேர் ஒளிந்துகொள்ளலாம். ஒன்று என்ற எண்ணுக்குப் பின்னால் ஒருவரும் ஒளிய முடியாது. அது எண்ணே இல்லை, முகம். இதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அந்த விரல் சொல்லித்தந்தது.

அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கும், அதாவது பாசுரம் ஓதும், கோஷ்டியைச் சேர்ந்தவர். ஜீயபுரத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் மொபெட்டில் திரும்பியிருக்கிறார். வளைவில், ரோட்டின் நடுவே முளைத்திருந்த தடுப்புச் சுவரின் முனையில் மோதிவிட்டார்.

"வெங்காயம் வதங்கற வாசனை வந்தாலே வேற வீதி வழியாப் போறவர் சார். அவரைப் போய்..." என்று நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "அடுத்த மாசம் வருஷாப்திகம். முதல் வருஷத் திதி. கோஷ்டியில அவரோட காலம்பூராச் சேவிச்சவா நாலு பேரை இலையில உக்காரக் கூப்பிட்டேன். நாலு பேருக்கும் அன்னைக்கு வெளியூராம். காவேரிப் பாலம் தாண்டினாலே ஊருக்குச் சொல்லிண்டு போறவா சார் இவாள்லாம். ஒரே நாள்ல நாலு பேருக்கும் வெளியூர்!"

"போஸ்ட்மார்ட்டம்ல என்ன வந்ததும்மா?"

"ஒண்ணும் வரலை. குடிச்ச அடையாளமே இல்லைன்னு எழுதியிருக்கா. அதை அவா கிட்ட கொண்டுபோய்க் காட்டினா, 'பேப்பர்லயே வந்துடுத்தேம்மா'ங்கறா. நீங்க அச்சடிச்சதை நீங்கதான் மாத்தணும். திதிக்குள்ள."

ஒரு பெண் செத்துப்போன தகப்பனைக் காப்பாற்ற வந்திருக்கிறாள், அதுவும் நம்மிடமிருந்து. இதைவிடப் பெரிய பதவி உயர்வு எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் அந்தக் காவல் நிலையத்துக்குப் போனேன். வாசலிலேயே பஸ் ஒரு குதி குதித்தது. புத்தம்புது வேகத்தடை. பக்கத்தில் பகலிலும் சலிக்காமல் கண்ணடிக்கும் மஞ்சள் விளக்கு. 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று ஆள் உயரப் பலகை. நேரான, அகலமான சாலை. புளியமரம் கூட மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது. இங்கே விபத்து நடக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

நிலையத்து எழுத்து வேலை எல்லாம் பார்க்கும் ரைட்டர், நாற்பது வயதுக்காரர், எழுந்து வரவேற்றார்.

"வாங்க சார், உக்காருங்க. இந்த ஸ்பீடு பிரேக்கர் உங்களால வந்ததுதான். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு இடுப்பே போயிருச்சு. ஜீப்பு ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி உள்ள வருது, வெளிய போவுது!"

"எங்களாலயா?"

"உங்க அறிக்கையில மேப் போட்டிருந்தீங்கள்ல. எங்க ஸ்டேஷன் வாசல்லயே அத்தனை செவப்புப் புள்ளி. ரோட்டுக்காரங்க பாத்துட்டு ஓடியாந்துட்டாங்க."

விளங்கச் சொன்னார். விபத்தைப் பதிவதற்கு அவர்களிடம் ஒரு டேப், பலகை போன்ற கைக்கணினி, இருக்கிறது. பதியும்போது டேப் எங்கே இருக்கிறதோ அதுதான் விபத்து நடந்த இடம் என்று அது தானே குறித்துக்கொள்ளும்.

"ஸ்பாட்ல சிக்னல் கிடைக்காது சார். வெயில்ல ஸ்க்ரீனும் தெரியாது. கூட்டம் வேற, அடிபட்டவனைத் தூக்குறதா, டேப்பைத் தூக்குறதா? இங்க வந்து ஃபேனுக்குக் கீழ உக்காந்து போடுவோம். அதுக்கு என்ன தெரியும் பாவம், இந்த பெஞ்சுலதான் எல்லாரும் செத்தாங்கன்னு எழுதிக்கும்."

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தேன். மாவட்டத்தின் மிக ஆபத்தான இடம். ஒரு கால் கொஞ்சம் ஆடியது.

"காரணம் யாருங்க போடுறது?"

"நான்தான். ஒரு பட்டியல் விரியும். அதிவேகம், குடிபோதை, மழை, மூடுபனி, மாடு குறுக்க வந்தது, இப்படி. ஒண்ணைத் தொடலேன்னா அடுத்த பக்கமே போகாது. தெரியலைன்னு ஒண்ணு இல்ல."

"அந்த ஸ்ரீரங்கத்துக்காரர் கேஸ்ல குடிபோதைன்னு எப்படி?"

ரைட்டர் சங்கடப்படவில்லை. ஒரு நல்ல வேலைக்காரர் தன் வேலை நுட்பத்தைச் சொல்லும் தெளிவோடு சொன்னார்.

"முன்னெல்லாம் எல்லாத்துக்கும் அதிவேகம்னே போட்டுக்கிட்டு இருந்தேன் சார். மேலேர்ந்து ஃபோன். 'ஏன்யா, எல்லாம் ஒரே காரணமா இருக்கு, காப்பி அடிக்கிறியா?'ன்னாங்க. அப்புறம் மாத்தி மாத்திப் போட ஆரம்பிச்சேன். நைட் ட்யூட்டி முறை வர்ற மாதிரி. இந்த வாட்டி வேகம்னா அடுத்த வாட்டி போதை, அதுக்கடுத்தது மாடு. அன்னைக்கு... போதை முறை."

"முறை."

"அதுலேர்ந்து ஃபோனே வர்றதில்ல சார். 'இப்பத்தான்யா ஆய்வு பண்ணி எழுதுற'ன்னு பாராட்டினாங்க."

எங்கள் அறிக்கையில் அக்னி நட்சத்திரத்தின் நடுவே ஒரு மூடுபனி விபத்து இருந்ததும், அதற்குப் பருவநிலை மாற்றம் என்று எங்கள் பிரிவில் ஒருவர் அடிக்குறிப்பு எழுதியிருந்ததும் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் மேல் தப்பில்லை. சாதத்தில் கல் கிடந்தால் கடித்துப் பார்த்துச் சொல்லலாம். எண்ணில் கல் கிடந்தால் அதற்கு விளக்கவுரை எழுதுவதுதான் நம் வழக்கம்.

ரைட்டரே தன் பைக்கில் என்னை அந்த வளைவுக்குக் கூட்டிப்போனார். ஒரு பக்கம் வாழைத் தோட்டங்கள், இலைகள் காற்றில் கிழிந்து கிழிந்து பேசிக்கொண்டிருந்தன. காவிரி அருகில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமலே தோல் தெரிந்துகொண்டது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கவிஞன் நின்றால் கவிதை வரும். அரசு ஊழியன் நின்றதால் தடுப்புச் சுவர் தெரிந்தது. வளைவு முடிவதற்குள் திடீரென்று ரோட்டின் நடுவே ஆரம்பிக்கிறது. ரோட்டின் அதே சாம்பல் நிறம். ஒரு துளி பெயிண்ட் இல்லை, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை இல்லை. அதன் தலைமாட்டில் ஒரு விளக்குக் கம்பம், விளக்கு இல்லாமல், யாருக்காகவோ மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி லாரி அதில் ஏறி இறங்கியிருந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. நசுங்கிய காய்களின் மேல் டீசல். அந்த வாசனை.

"இங்கதான் சார் எல்லாம்" என்றார் ரைட்டர். "வாசல்ல இருக்குற புள்ளியில முக்கால்வாசி இங்கருந்து தூக்கிட்டு வந்ததுதான்."

கூட்டம் அடுத்த வாரம். எங்கள் அதிகாரி, நாங்கள் மேடம் என்று அழைப்பவர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தவர், நடு நாற்காலியில். எதிரே சாலைப் பொறியாளர். பக்கத்தில் காவல் துறையிலிருந்து ஒருவர். அவர் வந்ததிலிருந்து முறுக்கு மட்டும் சாப்பிட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். புள்ளிகளை எல்லாம் நடந்த இடத்துக்கு மாற்றிவைக்க வேண்டும், அட்டவணையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

பொறியாளர் சிரித்தார். "சார் ரோட்டைப் பாத்துட்டு வந்திருக்கார். நல்லது. ஒரு புள்ளி நகர்ந்தா எல்லாப் புள்ளியும் நகரும். எல்லாம் அந்த வளைவுல போய் உக்காந்தா அது அபாயப் பகுதின்னு ஆயிரும். அப்புறம் டிசைன் யாரு, காண்ட்ராக்ட் யாருன்னு கேள்வி வரும். தேவையா?"

"ஆனா அந்தப் பொண்ணு..." என்றார் மேடம்.

"அதுக்கு வழி இருக்கு மேடம். பொண்ணுக்கு வேண்டியது என்ன? குடிபோதை போகணும். எடுத்துருவோம். 'அதிவேகம்'னு மாத்திப் போட்டு, ஒரு வரித் திருத்தம், இன்னைக்கே கையெழுத்து, நாளைக்கே பேப்பருக்கு. திதிக்கு முன்னாடி வந்துரும். அதுக்கும் சந்தோஷம், நமக்கும் முடிஞ்சுது."

உண்மையைச் சொல்கிறேன், கேட்க அழகாக இருந்தது. நம் வேலையில் நெருக்கடி என்பது கதவை உடைத்துக்கொண்டு வராது. இப்படி டீயும் முறுக்குமாக, எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டு வரும். மேடம் என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க. அவங்க அப்பா, அவங்க நாள்."

வராந்தாவுக்கு வந்து கோதைக்கு ஃபோன் செய்தேன். பின்னணியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன. ரைட்டரின் முறையைப் பற்றி அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். இப்போது பொறியாளரின் யோசனையைச் சொன்னேன். முழுத் திருத்தம் என்றால் திதிக்குள் முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

"வேகம்னு போட்டா நாலு பேரும் வருவா" என்றார் கோதை. "வேகத்துக்குத் தீட்டு இல்லை."

"ஆமாம்மா."

"எங்கப்பா வண்டியைச் சித்திரைத் தேர் முந்தும் சார். வடம் பிடிக்கறவா நின்னு மோர் குடிச்சுட்டு வந்தாக்கூட." சிரிப்பது போல ஒரு சத்தம். பிறகு, "வேகம்னு ஆயிட்டா அந்த வளைவை என்ன பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அங்க தப்பு பண்ணினது உங்கப்பாதான்னு ஆயிடும்."

பிள்ளைகளிடம், இன்னொரு தரம் சொல்லுங்கோ என்றார். ஏழாம் வாய்ப்பாடு.

"வேண்டாம் சார். அடுத்தாப்ல அங்க போய் மோதறவாளுக்கு என்ன முறை வருமோ. திதி நடக்கறபடி நடக்கட்டும். நீங்க முழுசாவே பண்ணுங்கோ."

உள்ளே போய், அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். முறுக்குச் சத்தம் நின்றது. பொறியாளர், "உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது மேடம்" என்றார்.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓய்வு பெறுறதுக்குள்ள ஒரு உண்மையாவது வெளியிடணும்னு எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல சார். ஒரே ஒரு சந்தேகம். இந்த வருஷம் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வேகத்தடை போட்டீங்க, லைட்டு போட்டீங்க. புள்ளி குறையப்போறதில்ல, ஏன்னா டேப்பு அங்கதான் இருக்கு. அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க? மேம்பாலம் கட்டுவீங்களா? கட்டிட்டு, திறப்பு விழாவுல கேட்டா என்ன சொல்றது?"

பொறியாளர் பேரத்துக்கு இறங்கினார். புள்ளிகள் வளைவுக்குப் போகலாம். ஆனால் காரணத்தில் சாலை என்ற சொல் வரக் கூடாது என்றார். மேடம் என்னைப் பார்த்தார். அந்தச் சுவர்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்; ஆனால் தெரியும் என்பதை யாரும் விசாரித்து எழுதியிருக்கவில்லை. விசாரிக்காமல் சுவரின் மேல் பழியைப் போட்டால் நானும் முறை வைப்பவன்தான். 'காரணம் உறுதி செய்யப்படவில்லை' என்று போடலாம் என்றேன். அந்த நிலையத்தின் முழு ஆண்டுக்கும். பட்டியலிலும் அப்படி ஒரு வரி இனிமேல் இருக்க வேண்டும் என்றேன். மேடம் கையெழுத்துப் போட்டார்.

திருத்தம் வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் மேலிடத்திலிருந்து ஒரு ஃபோன்: "என்னய்யா, முதல்ல போட்டதுல எல்லாக் காரணமும் தெரிஞ்சிருந்துது. இப்ப ஒண்ணுமே தெரியலைங்கறீங்க. முன்னேறுறோமா, பின்னேறுறோமா?" தெரியாததைத் தெரியாது என்று அச்சிட்டால் வரும் பாராட்டு இப்படித்தான் இருக்கும். பழகிக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்று எழுத ஓர் இடம் இல்லாத படிவத்தில் நிரப்பப்படும் எல்லாமே பொய்யாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த இடத்தைக் கேட்டு வாங்குவதுதான் இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே வீரம். அதற்குப் பதக்கம் கிடையாது, மாற்றல் உண்டு. எனக்கு மருங்காபுரிப் பக்கம் கிடைத்தது. காற்று நன்றாக இருந்தது.

மாற்றலாகிப் போவதற்கு முன் கோதை வந்தார். பத்திரிகையிலும் திருத்தம் வந்திருந்தது, திருமணத் தகவல் விளம்பரங்களுக்கு அடியில், பூதக்கண்ணாடிக்காரர்களின் வசதிக்காக. எங்கள் திருத்தப் பக்கத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். வரிவரியாகப் படித்தார். அந்த ஒன்று, குடிபோதையின் கீழிருந்து எழுந்து போய்விட்டிருந்தது.

"வளைவுல லைட் எரியறது சார். போய்ப் பாத்துட்டு வந்தேன். சுவர் தலையில மஞ்சளும் கறுப்புமா அடிச்சிருக்கா."

"திதி எப்படிம்மா நடந்துது?"

"ஒருத்தர் வந்துட்டார். நாலு பேர்ல ரொம்ப ஆசாரக்காரர், அவர்தான். 'வெளியூர்னேளே மாமா'ன்னேன். 'போகலை. ராத்திரி தூக்கமே வரலை. அவன் குடிச்சே இருந்தாலும் நான் வந்திருக்கணும்டீம்மா'ன்னு சொல்லிட்டு, கால் அலம்பிண்டு வந்து உக்காந்துட்டார். மத்த மூணு இலைக்கு வேற பேரைக் கும்பகோணத்துலேர்ந்து வரவழைச்சோம்."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தார். கதவு வரைக்கும் போய் நின்றார்.

"இது இன்னும் மூணு காப்பி கிடைக்குமா?"

"கிடைக்கும். யாருக்கும்மா?"

"மிச்ச மூணு பேருக்கு. வெளியூர்லேர்ந்து திரும்பியிருப்பாளோன்னோ. போயிட்டு வரேன் சார்."